விரல் பதியாதவர்களுக்கு ஒரு விதி

அண்ணா,

இன்று புது மெஷினைச் சோதிக்கக் கைரேகை மையத்துக்குப் போயிருந்தேன். ரேகை சரியாக விழாத ஒரு பெண்ணின் விரல்களில் லோஷன் தடவிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை வந்ததும் உங்கள் ஞாபகம் வந்தது. பாசத்தினால் இல்லை. கோபத்தினால்.

நம்மவர்கள் குடியேறியிருக்கும் வெஸ்ட் வின்ட்சரில் நடந்த உங்கள் இரங்கல் கூட்டத்தில் ஆளாளுக்கு உங்களைத் தூக்கி வைத்துப் பேசினார்கள். உங்களுக்குக் கீழே டீமில் இருந்த எல்லோரையும் சொந்தத் தம்பி மாதிரி பார்த்துக்கொண்டீர்களாம். என் மனைவி செல்வி வரவே மாட்டேன் என்றுவிட்டாள்.

குற்றப் பதிவு சிஸ்டத்தை அரசாங்கத்துக்காக நாம்தானே புதுப்பித்தோம்? கைரேகை பதியாவிட்டால், பெயரையும் பிறந்த வருஷத்தையும் வைத்து ஆளை முடிவு செய்யும் விதி ஒன்றை நீங்கள் அதில் அப்படியே வைத்திருந்தீர்கள். நம் ஆட்கள் அப்பா பெயரைத்தான் லாஸ்ட் நேமாகப் போடுகிறோம், ஒரே பெயரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்டேன். உங்கள் லாஸ்ட் நேமும் அப்பா பெயர்தான். இருந்தும் சிரித்தீர்கள்.

"ரேர் கேஸ்டா தம்பி. ரிலீஸ் முடியட்டும், பாத்துக்கலாம்."

அடுத்த வருஷம் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் டேகேர் வேலைக்கு, குற்றப் பின்னணி சரிபார்ப்பதற்காகச் செல்வி கைரேகை கொடுத்தாள். நம் வீடுகளில் டிஷ்வாஷர் இருப்பது கழுவிய பாத்திரத்தை அடுக்கத்தான். குக்கரையும் இட்லித் தட்டையும் கம்பி நாரால் தேய்த்துத் தேய்த்து அவள் விரலில் ரேகையே மிச்சமில்லை. லோஷன் தடவியும் பதியவில்லை. உங்கள் விதி வேலையைக் காட்டியது. கடையில் திருடிப் பிடிபட்ட, அதே வருஷம் பிறந்த வேறொரு செல்வி முருகனின் வழக்கு இவள் தலையில் விழுந்தது.

உங்கள் வீட்டுக்கே வந்தோம். காபி கொடுத்தீர்கள். அப்பீல் பண்ணினால் கிளியர் ஆகிவிடும், இதற்காக சிஸ்டத்தில் கை வைக்க முடியாது என்றீர்கள். செல்வி காபியைத் தொடாமல் கேட்டாள்:

"உங்க பொண்ணுக்கு இப்படி ஆயிருந்தாலும் ரேர் கேஸ்னுதான் சொல்வீங்களா அண்ணா?"

நீங்கள் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

பிறகு கிளியர் ஆனது, உண்மைதான். அதற்குள் அந்த வேலை போய்விட்டது. குழந்தைகள் என்றால் உயிரை விடுகிறவள், அதன்பிறகு எந்த டேகேருக்கும் அப்ளை பண்ணவில்லை. இன்னொரு தடவை அந்த மெஷினில் கை வைக்க மாட்டாளாம்.

இப்போது உங்கள் இடத்தில் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். போனவர் மேல் கோபம் எதற்கு என்கிறார்கள். எனக்கு அது போகவில்லை, போகவும் வேண்டாம். வந்த முதல் வாரமே உங்கள் விதியைத் தூக்கினேன். ரேகை பதியாவிட்டால் இனி ஒரு மனுஷர் உட்கார்ந்து பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். அதை மாற்ற எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா அண்ணா? ஒரு மத்தியானம்.