சொந்த வேண்டுகோளின் பேரில்

பினாங்கு
12.3.1986

அன்புள்ள தங்கை கோமதிக்கு,

நலமா? பாகான் டாலாமில் உன் அம்மாவைப் பார்த்து இந்த முகவரியை வாங்கினேன். முட்டி வலி தவிர அவருக்குக் குறை ஒன்றுமில்லை. நீ ஜொகூருக்குப் போய் இரண்டு வருடமாகிறது, தீபாவளிக்குக்கூட வரவில்லை என்றார். எனக்கும் நீ ஒரு வரி எழுதவில்லை. நீ போன பிறகு மதியச் சாப்பாட்டை பேக்டரி பெர்சனல் ஆபீசிலேயே தனியாகச் சாப்பிடுகிறேன்.

ஓர் உதவி கேட்கவே எழுதுகிறேன். உன் பழைய லைனில் சித்தி ஹாஜரா என்றொரு பெண், பத்தொன்பது வயது. போன மாதம் என் மேசை முன் நின்று அழுதாள். அதே சூப்பர்வைசர் சுப்பையாதான். ஓவர்டைம் பட்டியலைக் காட்டுவதாக ஸ்டோருக்குக் கூப்பிட்டுக் கையைப் பிடித்திருக்கிறார். மேனேஜர் பழனியப்பன் உன் விஷயத்தில் சொன்னதையே இப்போதும் சொல்கிறார்: "பொண்ண வேற லைனுக்கு மாத்திடுங்க, முடிஞ்சிடும் லா." இந்த முறை நான் மாற்றவில்லை. விசாரணை வைக்கும்படி தலைமை அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். ஒருத்தி பேச்சு மட்டும் போதாது என்கிறார்கள். உனக்கு நடந்ததை எழுதித் தருவாயா?

அன்புடன்,
யோகம்மா அக்கா

ஜொகூர் பாரு
27.3.1986

யோகம்மா அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் வந்து சொன்ன அன்று எனக்குக் குடிக்க மைலோ வாங்கிக் கொடுத்தீர்கள். சொன்னதில் ஒரு வரிகூட எழுதிக்கொள்ளவில்லை. நான்கு நாள் கழித்து ஒரு தாளை நீட்டி, "கையெழுத்துப் போடு தங்கச்சி, உன் நல்லதுக்குத்தான்" என்றீர்கள். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. உங்களை நம்பிப் போட்டேன். சொந்த வேண்டுகோளின் பேரில் இடமாற்றம் என்று அதில் இருந்ததை, நோட்டீஸ் போர்டில் படித்துவிட்டுப் பஸ்ஸில் வந்த பெண்கள் சொல்லித்தான் அறிந்தேன். தானே கேட்டு ஓடுகிறாள் என்றால் தப்பு இவள் மேல்தான் என்று பேசிக்கொண்டார்கள். சுப்பையா இருந்த இடத்திலேயே இருந்தார். நான் வேலையை விட்டேன். திமிரில் விட்டதாக அம்மா இன்றும் நினைக்கிறார்.

அந்தத் தாளை டைப் அடித்தது யார் என்று விசாரணையில் சொல்வீர்களா?

கோமதி

பினாங்கு
5.4.1986

அன்புள்ள கோமதிக்கு,

சொல்வேன். மேனேஜர் அடிக்கச் சொன்னார், நான் அடித்தேன். மறுத்தால் வேலை போய்விடும் என்று பயந்தேன். உன் பெயர் வெளியே வராமல் காப்பாற்றுவதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ போன பிறகு அதை நம்ப முடியவில்லை.

யோகம்மா

ஜொகூர் பாரு
19.4.1986

அக்காவுக்கு,

நடந்ததை இரண்டு பக்கம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ஹாஜரா சொன்னதை மலாய் மொழியிலேயே எழுதி, அவளைப் படிக்கவிட்டு, பிறகு கையெழுத்து வாங்குங்கள். அவளிடமும் ஒரு பிரதி இருக்கட்டும். அவளுக்காகத்தான் இதை எழுதினேன், உங்களுக்காக இல்லை.

முடிவு என்ன என்று ஒரே ஒரு கடிதம் போடுங்கள். அதற்குப் பிறகு எழுத வேண்டாம்.

கோமதி

பினாங்கு
2.6.1986

அன்புள்ள கோமதிக்கு,

சுப்பையாவை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஹாஜரா அதே லைனில்தான் இருக்கிறாள். விசாரணையில் நீ எழுதியதைப் படித்தபோது பழனியப்பன் நிமிரவே இல்லை. அந்த இடமாற்றத் தாளை டைப் அடித்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, என்னை வாசல் பதிவு மேசைக்கு அனுப்பிவிட்டார்கள். சரிதான். உன் பைலில் சொந்த வேண்டுகோள் என்ற அந்த வரியை நீக்கி உண்மையை எழுதியிருக்கிறார்கள், முத்திரையிட்ட பிரதி இத்துடன் இருக்கிறது. இனி ஒரு புகாரை இரண்டு பேர் சேர்ந்து கேட்க வேண்டும், ஒரு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும், புகார் சொன்னவரை இடம் மாற்றக் கூடாது என்று உத்தரவு வந்திருக்கிறது.

ஒரே கடிதம் என்று சொல்லிவிட்டாய். அதனால் முடிக்க மனம் வராமல் உட்கார்ந்திருக்கிறேன். தண்ணீர்மலைப் பக்கம் காலையிலிருந்து மழை. எதிர் வீட்டில் புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது, இன்னும் பேசிப் பழகவில்லை. இதையெல்லாம் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.

உன் அம்மாவை அவ்வப்போது போய்ப் பார்க்கலாமா என்று கேட்க நினைத்தேன். கேட்டால் நீ பதில் எழுத வேண்டிவரும். அதனால் கேட்கவில்லை.

நன்றாக இரு.

யோகம்மா