இடது காலுக்கு வந்த கரிப்பஞ்சு

உடுமலைப்பேட்டை,
ஞாயிறு காலை.

அன்பு மகள் மேக்னாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் கரித்தூளும் இருமலுமாக நன்றாகவே இருக்கிறோம், அந்தக் கொரியாக் குளிரில் நீ நலமாக இருக்க அவிநாசியப்பர் துணை. போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுகிறாய், அதனால்தான் கடுதாசி, முழுசாகப் படி.

இடது செருப்புக்குள் வைக்கச் சொல்லி நீ அனுப்பிய அட்டை வந்து சேர்ந்தது. பிரித்ததும் சிரிப்புத்தான் வந்தது. நம் களத்தில் மலை மலையாகக் கிடக்கிற தேங்காய்த் தொட்டிக் கரியை அங்கே பொட்டலத்தில் வாங்கி, துளை துளையாகப் பஞ்சு மாதிரி ஆக்கி, ரப்பரில் ஒட்டி, அமுக்குகிற இடத்தில் கரண்ட் மாறும் என்று சொல்லி எனக்கே அனுப்பியிருக்கிறாய். கரி விற்கிறவள் காலுக்குக் கரியா? இதற்கா கண்ணு இத்தனை வருசப் படிப்பு? என்னை மாதிரி சர்க்கரை வந்தவர்களுக்குக் கால் மரத்துப்போகும், எங்கே அழுத்தம் என்று இது போனில் காட்டும் என்கிறாய். என் கால் என்ன கால் என்று உனக்குத் தெரியாதா? லாரியில் வந்த கரியைக் கொட்டியதும் வெறுங்காலோடு மேலே ஏறி நிற்பேன், நன்றாக வெந்தது படக்கென்று உடையும், வேகாதது மரக்கட்டை மாதிரி முரண்டு பிடிக்கும், அந்தக் காலை வைத்துத்தான் உன்னைப் படிக்கவைத்து விமானம் ஏற்றினேன். போன மாதம் பேக்டரிக்காரன் ஒருவன், நான் மிதித்துப் பார்த்து அனுப்பிய லோடைப் பாதி வேகாத கரி என்று திருப்பிவிட்டான், கரி பார்க்கத் தெரியாதவனெல்லாம் பேக்டரி வைத்தால் இப்படித்தான் என்று அவனையும் கேட்டுவிட்டேன்.

சரி, பிள்ளை அனுப்பியதாயிற்றே என்று இடது செருப்பில் வைத்து நடந்தேன். போனில் குதிகால் பக்கம் ஒரே சிவப்பு, எப்படி மாற்றி மிதித்தாலும் சிவப்பு. சரக்கு கெட்டது என்று முடிவுகட்டி, மேஸ்திரி பாலுசாமியை அந்தச் செருப்பைப் போட்டு நடக்கச் சொன்னேன். எல்லாம் பச்சை. ஏனுங்கம்மா, மிஷினு நல்லாத்தானுங்க இருக்குது, உங்க காலைத் திருப்பிப் பாருங்க என்று இளித்தான். அவனையும் நாலு திட்டு திட்டினேன். உன் அப்பாதான் பிடித்துத் திருப்பினார். குதிகாலில் கரிச்சில்லு புதைந்து சீழ் வைத்திருந்தது. எனக்கு எறும்பு கடித்த அளவுகூடத் தெரியவில்லை. டாக்டர் கீறி எடுத்தார், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்று வைதார். ஆறிக்கொண்டு வருகிறது, நீ பதறிக்கொண்டு கிளம்பி வராதே. கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தத் திரும்பி வந்த லோடு ஞாபகம் வந்தது. ஒரு கூடை கொண்டுவரச் சொல்லிக் கையால் உடைத்துப் பார்த்தேன். உள்ளே பழுப்பு. பேக்டரிக்காரன் சொன்னது சரி. இந்தக் கால் எனக்கு எத்தனை நாளாகப் பொய் சொல்கிறதோ.

உடனே ஜெயித்துவிட்டதாகத் துள்ளாதே. சீழைக் காட்டிவிட்டது, போகட்டும். குவியல்மேல் ஏறி நின்றால் எது வெந்தது, எது வேகாதது என்று உன் அட்டை சொல்லுமா? அதைச் செய்து அனுப்பு, அப்புறம் உன்னைப் படித்தவள் என்று ஒத்துக்கொள்கிறேன். அதுவரை பாலுசாமி முன்னால், நேற்றுத் தொழிலுக்கு வந்தவள் மாதிரி ஒவ்வொரு கரியாக உடைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை, தீர்க்காயுசாக இரு. வலது காலுக்கு அட்டை அனுப்ப மறந்துவிடாதே.

உன் அம்மா,
வெங்கடலட்சுமி