ஒடிக்காத குச்சி

அப்பா,

உங்கள் சுருக்குப்பையை அவிழ்த்தால் இன்னமும் புகையிலை நாறுகிறது. நீங்கள் போன பிறகு மூன்று தடவை மிளகு பறித்தாயிற்று, அந்த வாடை மட்டும் போகவில்லை. உள்ளே வெற்றிலைக் காம்பு இல்லை, பாக்கு இல்லை. விரல் நீளத்தில் ஒரு பலாக்குச்சி மட்டும் இருக்கிறது. அரை மணி நேரத்துக்கு முன்னால் உங்கள் மருமகன் இந்த வாசலில் நின்று அதைக் கேட்டுவிட்டுப் போனான்.

நீங்கள் ரேகை வைத்த அன்றைக்கு நான் மரவள்ளிக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். அவன் என்னைத் துரத்திவிட்டு வேறொருத்தியைக் கூட்டி வைத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஊர்க்கவுண்டர் முன்னால் பஞ்சாயத்து என்று உங்களைக் கூப்பிட்டார்கள், என்னைக் கூப்பிடவில்லை. பொழுது சாய வீட்டுக்கு வந்தால் உங்கள் கட்டைவிரலில் ஊதா மை. கேட்டதற்கு, "ஆபீசுக்குக் காட்டற பேப்பராம் கண்ணு, அவ்வளவுதான்" என்றீர்கள். அது அத்துவிட்டதற்கான பத்திரம் என்று மறுநாள் செம்மேட்டுச் சந்தையில் வெங்காயம் விற்றவள் சொல்லித் தெரிந்துகொண்டேன். என் கல்யாணம் முறிந்துபோனது எனக்கு முன்னால் சந்தைக்குத் தெரிந்திருந்தது!

அதிலிருந்து உங்களோடு பேசவில்லை. சோறு போட்டேன், தட்டை டொக்கென்று வைத்தேன். ஒருநாள் அடுப்படி வரைக்கும் வந்து, "கண்ணு, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்" என்று இழுத்தீர்கள். மடியில் எதையோ தடவிக்கொண்டிருந்தீர்கள்.

"ரேகை வெச்ச கையோட எங்கிட்ட வராதீங்க" என்றேன். திரும்பிப் போய்விட்டீர்கள். அந்த மழைக்காலத்திலேயே காய்ச்சல் வந்து போயும் சேர்ந்தீர்கள்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியாது. அவன் அரசாங்க ஜீப் ஓட்டுகிறவன் அல்லவா? பணிப்பதிவேட்டில் என் பெயரை அடித்துவிட்டு அவள் பெயரை எழுதக் கேட்டிருக்கிறான். பஞ்சாயத்துப் பேப்பர் செல்லாது, கோர்ட் உத்தரவு கொண்டுவா என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். வழக்கப்படி கல்யாணம் முறிந்துவிட்டதாக அறிவிக்கச் சொல்லி என் மேல் வழக்குப் போட்டான். முள்ளுக்குறிச்சி வழியாக இறங்கும் பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டே போய் ஒரு வக்கீலம்மாவைப் பிடித்தேன். எங்கள் அப்பனே ரேகை வைத்துவிட்டார், இனி என்ன இருக்கிறது என்று அழுதேன்.

அந்தம்மா பேப்பரை ஓரமாகத் தள்ளி வைத்தார். "நீங்க பழங்குடி. இந்துத் திருமணச் சட்டம் உங்களுக்கு அப்படியே பொருந்தாதுங்க. உங்க வழக்கம்தான் சட்டம். வழக்கப்படி முறிஞ்சுதுன்னு சொல்றவர்தான் அதை நிரூபிக்கணும். சரி, உங்க ஊர்ல எப்படி அத்துவிடுவாங்க?"

நான் சொன்னேன். ஒரே குச்சியை, புருஷன் ஒரு முனையும் பெண்டாட்டி ஒரு முனையுமாகப் பிடித்து, ஊர்க்கவுண்டர் முன்னால் ஒடிக்க வேண்டும். பெண் வராவிட்டால் தகப்பன் பிடிக்கலாம் என்பது பிற்பாடு ஆம்பளைகளாகப் பேசிச் சேர்த்துக்கொண்டது. நீங்களும் பிடித்து ஒடித்திருப்பீர்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

கோர்ட்டில் அவன் தரப்புச் சாட்சியே ஊர்க்கவுண்டர்தான். பஞ்சாயத்து நடந்தது, ரேகை வைத்தார்கள், எல்லாம் ஒப்பித்தார். வக்கீலம்மா எழுந்து ஒரே கேள்வி கேட்டார்: "குச்சி ஒடிச்சாங்களா?"

கவுண்டர் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "சாமி முன்னால பண்ற காரியம், அதுல பொய் சொல்ல முடியாதுங்க. ஒடிக்கல. அந்தப் பெரியவரு குச்சிய வாங்கினாரு. 'ரேகை உங்க பேப்பருக்குங்க. இது எம்மவளோடது, அவ வந்து ஒடிக்கட்டும்'னு மடியில கட்டிக்கிட்டாரு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க, பேப்பர்தான் இருக்குதே, குச்சி எதுக்குன்னு விட்டுட்டாங்க."

அப்போது அவன் முகத்தைப் பார்த்தேன். கண்ணை எடுக்காமல் பார்த்தேன். வேறெங்கும் பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவு நன்றாக இருந்தது. வழக்கப்படி முறிவு நடந்ததாக நிரூபிக்கவில்லை என்று வழக்கைத் தள்ளிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து உங்கள் தகரப்பெட்டியைக் கவிழ்த்தேன். வேட்டிகளுக்கு அடியில் சுருக்குப்பை இருந்தது.

இன்றைக்கு வந்தானே, என்னை ஒருநாளும் பேர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை, 'ஏய்'தான். இன்றைக்கு வாய் நிறைய 'ங்க' போட்டான். ரெண்டாம் குடும்பம் வைத்திருப்பதற்கு விளக்கம் கேட்டு ஆபீசில் ஓலை கொடுத்திருக்கிறார்களாம். "கொஞ்சம் மனசு வெய்யுங்க. வந்து ஒடிச்சுக் குடுத்துருங்க. உங்கப்பா நல்ல மனுசன், இருந்திருந்தா முடிச்சுக் குடுத்திருப்பாரு" என்றான்.

உட்காரச் சொல்லவில்லை. தண்ணீர் கொடுக்கவில்லை. உள்ளே போய்ப் பையைக் கொண்டுவந்து அவன் கண்ணெதிரே அவிழ்த்தேன். குச்சியை வெளியே எடுத்ததும் கையை நீட்டினான் பாருங்கள், அதைப் பார்க்க நீங்கள் இருந்திருக்க வேண்டும்.

"இதாங்க அது. ஒரு முனைய நான் புடிக்கோணும். இப்ப எனக்குக் கை ஒழியலீங்க, மிளகு காயப் போட்டிருக்கேன்" என்று சொல்லி உள்ளே போட்டுச் சுருக்கை இழுத்தேன். ரோடு வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

குச்சி ஒடியாத வரைக்கும் நானும் கட்டுப்பட்டவள்தான் என்று வக்கீலம்மா சொல்கிறார். நானே பிரிவு கேட்கலாம், முடிவு என் கையில் என்கிறார். கேட்பேன். அவன் இன்னும் கொஞ்சம் நடக்கட்டும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என்னை அத்துவிடப் பார்த்தவன், கேட்டுக் கேட்டுக் கால் ஓயட்டும். இதில் எனக்கு வெட்கமே இல்லை.

பையை என் இடுப்பில்தான் செருகி வைத்திருக்கிறேன், களை எடுக்கும்போதும் சந்தைக்குப் போகும்போதும். நீங்கள் ரேகை வைத்ததை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை அப்பா. ஆனால் இந்தக் குச்சியை ஒடிக்காமல் வாங்கி மடியில் கட்டியதும் அதே கைதான். அந்தக் கையோடுதான் அன்றைக்கு அடுப்படிக்கு வந்தீர்கள், நான் 'வராதீங்க' என்றேன்.