கடைசிக் கால்மணி நேரம்

போடி
7.1.1979

அன்பு மகன் தேவசகாயத்துக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நான், அப்பா, உன் தங்கை ஜெபராணி மூவரும் சுகம். மழை ஏமாற்றவில்லை, கிணறு நிறைந்திருக்கிறது, அப்பாவின் முட்டிவலி மட்டும் அவரைப் போலவே பிடிவாதமாக இருக்கிறது. உன் முழங்கால் எப்படி? அதை நீ எழுதவில்லை. மற்றதெல்லாம் எழுதியிருக்கிறாய்.

உன் கடிதத்தைப் பள்ளிக்கூட இடைவேளையில் ஒரு தடவை, சோறு வடிக்கும்போது ஒரு தடவை படித்தேன். பத்து வருஷமாக நீ ஆடிய கிளப் இப்போது உன்னைப் பெஞ்சில் உட்கார வைத்துக் கடைசிக் கால்மணி நேரம் மட்டும் இறக்குகிறது. உன் இடத்தில் மீசை அரும்பாத ஒரு மலையாளத்துப் பையன். மாசக் கடைசியில் வரும் பைனலிலும் முதல் பதினொரு பேரில் நீ இல்லையென்றால், ஆட்டத்துக்கு முன்பே சட்டையை மேனேஜர் மேஜையில் போட்டுவிட்டு ரயிலேறுவேன் என்கிறாய். வா. உன் வீடு. யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் அதற்கு முன் இங்கு நடந்ததையும் தெரிந்துகொள்.

செமிபைனலை ரேடியோவில் கேட்டோம். அப்பா அதை நம் ஏலக்காய்க் கடை வாசலில் வைத்தார், காய் பொறுக்கும் பெண்கள் முறத்தோடு சுற்றி உட்கார்ந்தார்கள். வர்ணனை இந்தியில். ஒருவருக்கும் புரியாது. உன் பெயருக்காக மட்டும் காத்திருந்தோம். வரவில்லை. இடைவேளையும் போயிற்று. மூட்டை தூக்கும் கர்ணன், "என்ன அண்ணாச்சி, தம்பி பேரையே காணாம்?" என்றான். "ஏலே, அவன் பேரு நீளம்டா. அந்தாளு வாயில நுழையல, முழுங்கிட்டுப் போறாரு" என்றார் அப்பா, கண் இமைக்காமல். அப்புறம் வந்தது. கரகரப்புக்கு நடுவே, உடைந்து. தேவசகாயம். மறுபடியும் தேவசகாயம். கர்ணன் விசிலடித்தான். பொறுக்குகிற மாயக்காள் துள்ளி எழுந்து, "ஆத்தாடி, தம்பி வந்துட்டாகடி! இனித்தான் ஆட்டம்" என்றாள். அவள் மடியிலிருந்த முறம் கவிழ்ந்து, காலையிலிருந்து பிரித்த முதல் ரகமும் கழிவும் ஒன்றாகிவிட்டன. அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. கோல் அந்தப் பையன் போட்டது, நான் பந்தைத் தள்ளிவிட்டதோடு சரி என்று கசந்து எழுதியிருக்கிறாய். இங்கே அது யாருக்கும் தெரியாது. இவர்களுக்கு ஆட்டம் என்பதே அந்தக் கால்மணி நேரம்தான்.

இன்னொன்று. உனக்கு எழுதக் கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். எழுதுகிறேன். புதுவருஷ ஆராதனை முடிந்ததும் சபையில் வழக்கமான ஆட்டம், கல்யாணமானவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும். கல்யாணமானவர் பக்கம் கோல் காப்பது எப்போதும் அப்பாதானே. இந்தத் தடவை, போன ஆவணியில் கல்யாணமான ராஜமணியைக் கோலில் நிறுத்திவிட்டு, "அண்ணாச்சி, நீங்க செத்த உக்காருங்க, பெறகு எறக்குறோம்" என்றார்கள். அப்பா நேரே வீட்டுக்கு வந்தார். கேன்வாஸ் ஷூவை ஒன்றை இந்தப் பக்கம், ஒன்றை அந்தப் பக்கம் வீசினார். படுத்துக்கொண்டார். பிரியாணி வேண்டாமாம். கொஞ்ச நேரத்தில் ராஜமணிக்கு விரல் பிசகிவிட்டது. "அண்ணாச்சி, ஓடியாங்க, நீங்க இல்லாம முடியாது" என்று ஆள் வந்தது. இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று கூரையைப் பார்த்துக் கிடந்தார். கூப்பிட்டார்கள். எழுந்தார். ஒரு ஷூதான் கிடைத்தது. மற்றது பீரோவுக்கு அடியில். குச்சி விட்டு அதை இழுத்து, முடிச்சை அவிழ்த்து, மாட்டிக் கட்டி, ஓடிப்போய்ச் சேர்ந்தபோது ஆட்டம் முடிந்து பையன்கள் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். காவலே இல்லாத கோலில் கடைசிப் பந்து தானாக உருண்டு போனதாம். அதைச் சொல்லிச் சிரிக்க அப்பாவுக்கு ஐந்து நாள் ஆயிற்று. பிரியாணியை அன்றைக்கே சாப்பிட்டார்.

பைனலுக்காக ரேடியோவுக்குப் புது செல் வாங்கி வைத்திருக்கிறார். மாயக்காள் அன்று முறத்தைத் தொடமாட்டாளாம். அது முடிந்து நீ இங்கு வந்தாலும் சந்தோஷம், அங்கேயே இருந்தாலும் சந்தோஷம்.

கர்த்தர் உன் கால்களையும் கோபத்தையும் சேர்த்தே காப்பாராக. குளிருக்கு மப்ளர் கட்டு. அன்றைக்குப் பெஞ்சில் உட்காரும்போது, பூட்ஸ் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்.

முத்தங்களுடன்,
அம்மா
கிருபாவதி