வியன்னா எங்களுக்கு வந்திருக்க வேண்டியது

தெஹ்ரான்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் நெகாருக்கு அம்மா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் இங்கே நாங்கள் நலம், அப்பாவின் முழங்காலும் என் மனசும் தவிர. மெல்பர்னில் நீயும் நலமாக, ஈரத் தலையோடு வெளியே போகாமல் இருப்பாய் என்று நம்புகிறேன்.

போன மாதம் உன் சித்தி மஹ்லகா வீட்டில் விருந்து. சித்தப்பா கியூமர்ஸ் மறுபடியும் நாடாளுமன்றத்துக்கு ஜெயித்துவிட்டார், போதாததற்கு வெளிநாட்டு விவகாரக் குழுவுக்குத் தலைவராம். வியன்னாவில் தூதர், மஸ்கட்டில் தூதர், பிறகு துணை அமைச்சர், இப்போது இது. பேரீச்சம்பழம் வைக்கக்கூட வியன்னாக் கண்ணாடிக் கிண்ணம்தான் எடுக்கிறாள் உன் சித்தி. உன்னிடம் மறைப்பானேன், எனக்கு வயிறு எரிந்தது. அப்பாவும் அவரும் வெளியுறவு அமைச்சகத்தில் ஒரே அறையில் எதிரெதிர் மேசையில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஜெர்மன் மொழி அப்பாவுக்குத்தான் தெரியும், அவருக்கு வணக்கம் சொல்லக்கூட வராது. அவளுக்கு அதிர்ஷ்டம், அவ்வளவுதான் என்று இத்தனை நாள் என்னைத் தேற்றி வைத்திருந்தேன்.

சாப்பாட்டு நடுவில் சித்தப்பா தன் கதையை ஆரம்பித்தார். ஈராக்கோடு போர் முடிந்த வருடம் அமைச்சகத்துப் பெரியவர் ஒருவர் இரண்டு பேரையும் கூப்பிட்டு, முதலில் அப்பாவைப் பார்த்துத்தான் வியன்னாவுக்குப் போகிறீர்களா என்று கேட்டாராம். உன் அப்பா, ஐயோ எனக்கென்ன தகுதி இருக்கு, என்னைவிடப் பெரியவங்க எத்தனையோ பேர் இருக்காங்க என்றாராம். அந்த மனிதர் சின்ன வயசிலிருந்தே வெளிநாட்டில் வளர்ந்தவர், நம் ஊரில் முதல் மறுப்பு மரியாதைக்குத்தான் என்று தெரியாமல், சரி என்று தலையைச் சித்தப்பா பக்கம் திருப்பிவிட்டாராம். அவர் கேட்டு முடிக்கறதுக்குள்ள உத்தரவுன்னுட்டேன் என்று தொடையைத் தட்டிச் சிரித்தார் சித்தப்பா. எல்லாரும் சிரித்தார்கள், உன் அப்பாவும் சிரித்தார். இத்தனை வருடத்தில் இந்த மனிதர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சமையலறைக்கு இழுத்துப் போய்க் கேட்டால், இன்னொரு தடவை கேப்பார்னு நினைச்சேன் தாஹிரே என்கிறார். நம் கசாப்புக்கடைக்காரர்கூட காசை நீட்டினால் முதலில் வேண்டாம்மா என்றுதான் சொல்கிறார், மறுபடி நீட்டினால் வாங்கிக்கொள்கிறார். அது கறிக்குச் சரி, தூதர் பதவிக்குமா.

தேநீர் வந்தபோது சித்தப்பா, சகலை, வீட்ல சும்மாதானே இருக்கீங்க, நம்ம குழுவுக்கு ஆலோசகரா வந்துடுங்க, உங்க கால்ல விழுந்து கேட்டுக்கறேன் என்றார். ஒப்புக்குச் சொல்கிறார் என்று குழந்தைக்கும் தெரியும். உன் அப்பா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, எனக்கெங்கே அந்தத் தகுதி என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. வருவார், வாரம் பிறந்ததும் சனிக்கிழமை காலையில வருவார், எந்த வாசல்ல நிக்கணும்னு மட்டும் சொல்லுங்க என்றேன், அத்தனை பேர் முன்னால். சித்தப்பா முகம் போன போக்கைப் பார்க்க நீ இல்லையே. உன் சித்தி சர்க்கரைக் கட்டியை வாயில் அடக்கியபடி தேநீரை மறந்து உட்கார்ந்திருந்தாள். அதற்குள் விருந்தாளிகள் அப்பாவுக்கு வாழ்த்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள், இனி சித்தப்பா தான் சொன்னதை எப்படித் திருப்பி எடுப்பார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, மானத்தை வாங்கிட்டே என்றார். ஆனால் சனிக்கிழமை நான் எழுந்தபோது சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு கூடத்தில் தயாராக உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து தினமும் போகிறார். ஜெர்மன் மொழியில் வருவதை எல்லாம் இவரிடம்தான் கொண்டுவருகிறார்களாம், இப்போது வியன்னாவுக்குப் போகும் குழுவிலும் இவர் பெயர் இருக்கிறது. நம் செலவில் நானும் கூடப் போகிறேன்.

நேற்று உன் சித்தி போன் செய்தாள். நிஜமாவா அக்கா, நீயுமா போறே என்று கேட்டாள். அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும், இத்தனை வருடம் என் தொண்டையில் இருந்த குரல்தான். எனக்கு வந்த சந்தோஷத்தில், நீ இல்லாம எனக்கென்னடி வியன்னா, நீயும் வாயேன் என்று நானும் ஒப்புக்குச் சொல்லிவைத்தேன்.

சரிக்கா, பெட்டிய எடுத்து வெச்சுடறேன் என்றாள். தெருத் தெருவாக எனக்குச் சுற்றிக் காட்டப் போகிறாளாம்.

நீ எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இரு, கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். பிஸ்தா அனுப்பியிருக்கிறேன். சித்தியும் அனுப்புவாள், என்னுடையதை முதலில் சாப்பிடு.

உன் அம்மா
தாஹிரே