பத்துப் பெட்டித் தோட்டா

அஜ்மான்,
14 நவம்பர் 2006

தம்பி மாயாண்டிக்கு,

துப்பாக்கி சுடும் கிளப்பின் ஸ்டோர் கீப்பர் சிதம்பரநாதன் எழுதுவது. நீயும் நாகவள்ளியும் குழந்தை ஜோதிமணியும் நலமா என்று முதல் தாளில் எழுதினேன். அதைக் கேட்க எனக்கு என்ன உரிமை என்று தோன்றியது, கிழித்துவிட்டேன். கேட்காமல் தொடங்குவதும் முறையாகப் படவில்லை. அதனால் இந்தத் தாளில் கேட்டுவிடுகிறேன். நலமா?

சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்திக்கொள்கிறேன். என் பழக்கம் உனக்குத் தெரியும்.

1. நாகவள்ளியின் கடிதம் வந்தது.
2. அந்த வருஷம் தோட்டாவுக்குத் தட்டுப்பாடு வந்த விதம்.
3. பத்துப் பெட்டியை வைத்த இடம் எனக்கு மறந்துபோனது.
4. விசாரணையில் நான் சொன்ன பதில்கள்.
5. நீங்கள் கேட்ட தாள்.

கடிதம் போன மாதம் இரண்டாம் தேதி கைக்கு வந்தது. கிளப் முகவரிக்கு வந்ததை டிரைவர் சதக்கத்துல்லா வாங்கிவந்து கொடுத்தான். நாகவள்ளி சொல்லச் சொல்ல ஜோதிமணி எழுதியிருக்கிறாள். கையெழுத்து அழகாக இருக்கிறது. பக்கத்து ஊரில் எவனாவது நாட்டுத் துப்பாக்கியோடு பிடிபட்டால் ஸ்டேஷனில் இருந்து முதலில் உன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்றும், திருவிழா வந்தால் இரண்டு நாள் அங்கேயே உட்காரவைக்கிறார்கள் என்றும், ஊரில் உன் பெயரே ‘தோட்டா மாயாண்டி’ என்று ஆகிவிட்டது என்றும் எழுதியிருந்தாள். “சார் படிச்சவங்க. இவரு திருடலைன்னு ஒரு தாள் எழுதிக் குடுத்தா ஏட்டய்யாகிட்டக் காமிப்போம்” என்ற வரியின் கீழே கோடு போட்டிருந்தது. அந்தக் கோட்டை நாகவள்ளி போடச் சொன்னாளா, குழந்தை தானாகவே போட்டாளா, தெரியவில்லை.

அடுத்தது தட்டுப்பாடு. நீ மண்தட்டை மேலே எறியும் குழியில் இருந்தவன்; உனக்கு மேலே நடந்தது முழுதும் தெரிந்திருக்காது. 2003 மார்ச்சில் ஈராக்கில் சண்டை தொடங்கியதும், நமக்கு வரவேண்டிய கப்பல் எங்கோ நின்றுவிட்டது. வந்த சரக்குக்கும் அனுமதிக் காகிதம் கிடைக்க வாரக்கணக்கில் ஆனது. இருபத்தைந்து தோட்டா உள்ள பெட்டி பதினெட்டு திர்ஹம் விற்றுக்கொண்டிருந்தது. ஏப்ரலில் முப்பத்தைந்து, மே தொடக்கத்தில் அறுபது. சொல்லிவைத்திருந்த நான்கு புதுத் துப்பாக்கிகளும் வரவில்லை. இரண்டு பேருக்கு ஒரு துப்பாக்கி என்று மாற்றி மாற்றிச் சுட்டார்கள்.

விலை ஏற ஏற, சுடுகிறவர்கள் குறைவார்கள் என்று நினைத்தேன். நான் பொருளாதாரம் படித்தவன். நடந்தது வேறு. சுடாதவர்களும் வாங்கத் தொடங்கினார்கள். தோட்டா கிளப்பை விட்டு வெளியே போகக் கூடாது என்பது சட்டம். கார் டிக்கியைத் திறந்து பார்க்கும் தைரியம் யாருக்கு இருந்தது? ஆளுக்கு ஒரு பெட்டி என்று மேனேஜர் கௌஸ் முகம்மது உத்தரவு போட்டார். உடனே டிரைவர்கள் வரிசையில் நின்றார்கள். சதக்கத்துல்லா ஒரே மாலையில் மூன்று முறை வந்தான். என்னப்பா இது என்று கேட்டதற்கு, “மூணு தடவையும் வேற வேற மொதலாளி பேரு சார். மூஞ்சி ஒண்ணா இருந்தா நான் என்ன செய்ய?” என்றான். நீயும் அங்கே நின்று சிரித்தாய். “மண்ணுத் தட்ட மேல எறிஞ்சு ஒடைக்கிறதுக்கு இம்புட்டுப் போட்டியா சார்? எங்ககிட்டக் குடுத்தா ஒரு கல்லுல ஒடச்சிருவோம்ல” என்றாய். அந்த வாரத்தில் நான் சிரித்தது அப்போது ஒருமுறைதான்.

ஒரு வெள்ளிக்கிழமை அலமாரி காலியாகிவிட்டது. பெரிய உறுப்பினர் ஒருவர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார், நான் ‘மாஃபி’, இல்லை, என்கிறேன். கௌஸ் முகம்மது எல்லோர் முன்னாலும் இந்தியில் கத்தினார்: மாஃபி சொல்வதற்கு ஒரு பட்டதாரி எதற்கு, அதைச் சொல்ல ஒரு கிளியை வாங்கி வைத்துக்கொள்வேனே என்று. உறுப்பினர்கள் சிரித்தார்கள். எனக்கு அப்போது அறுபது வயது. அறுபதுக்கு மேல் விசா புதுப்பிக்க அவருடைய கையெழுத்து வேண்டும். அந்தப் படிவம் அவருடைய மேசையில்தான் இருந்தது.

அடுத்த சரக்கு வந்த செவ்வாய்க்கிழமை, பத்துப் பெட்டியை, அதாவது இருநூற்றைம்பது தோட்டாவை, அலமாரியிலிருந்து எடுத்து மண்தட்டுக் கிடங்கில் நான்காவது அடுக்குக்குப் பின்னால் வைத்தேன். மேலே உடைந்த தட்டுகளைப் பரப்பினேன். இனி யாராவது கேட்டால் ‘மாஃபி’ என்று சொல்ல வேண்டியிராது என்பதைத் தவிர வேறு நோக்கம் இல்லை. இருக்கும் இடத்தைப் பதிவேட்டில் மாற்றி எழுத மேனேஜரின் கையெழுத்து வேண்டும். அவருக்குத் தெரிந்தால் அன்றைக்கே நண்பர்களுக்குக் கொடுத்துவிடுவார். அதனால் எழுதவில்லை. இருபத்தெட்டு வருஷ வேலையில் எழுதாமல் நான் நகர்த்திய பொருள் அது ஒன்றுதான்.

ஒன்பது நாள் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் அதிகாரிகள் தணிக்கைக்கு வந்தார்கள். சண்டைக் காலம் என்பதால் எல்லா இடத்திலும் அப்படித்தான். பதிவேட்டுக்கும் அலமாரிக்கும் இருநூற்றைம்பது வித்தியாசம். அந்தப் பதற்றத்தில், வயதும் சேர்ந்துகொண்டதால், கிடங்கில் வைத்தது எனக்கு அறவே மறந்துபோனது. பதினோரு நாள் கழித்து மூன்றாவது அடுக்குத் தட்டுகள் தீர்ந்து நான்காவதைத் தொட்டபோதுதான் ஞாபகம் வந்தது. அப்போது நீ உள்ளே இருந்தாய். இன்று விடுவார்கள், நாளை விடுவார்கள் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் அதை நம்பி வாயைத் திறக்கவில்லை.

நான்காவது விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் இரண்டே கேள்வி கேட்டார்கள். ஸ்டோர் சாவி யாரிடம் இருக்கும்? ஒன்று என்னிடம் இருக்கும், காலையில் பெட்டிகளைச் சுமந்து மேடைக்குக் கொண்டுபோக மாயாண்டி திறப்பான் என்றேன். உண்மை. அன்று பிற்பகல் கேம்ப்பில் உன் தகரப்பெட்டியைத் திறந்து, சோப்புப் போட்டுக் கழுவி வைத்திருந்த நாற்பது காலித் தோட்டா உறைகளைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள். ஜோதிமணி கடை வைத்து விளையாட அனுப்பப்போகிறேன் என்று நீ என்னிடம் காட்டியவைதான். சுட்டு முடிந்த குப்பை அது. ஆனால் விலை அறுபதில் நிற்கும்போது அது குப்பையாகத் தெரியவில்லை. இவற்றை மறுபடி நிரப்பி விற்க முடியுமா என்று இரண்டாவது கேள்வி வந்தது. கருவி இருந்தால் முடியும் என்றேன். அதுவும் உண்மை. பிள்ளை விளையாட வைத்திருக்கிறான் என்பதையும் சொல்லியிருக்கலாம். அவர்கள் அதைக் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

உன்னை வண்டியில் ஏற்றும்போது நீ என்னைப் பார்த்துச் சொன்னது: “சார், ரெஜிஸ்தர இன்னொரு தடவ கூட்டிப் பாருங்க சார். நீங்க தப்பு விடமாட்டீக. இருந்தாலும் ஒரு தடவ பாருங்க.” நான் உள்ளே போய்க் கூட்டிப் பார்த்தேன். கூட்டல் சரியாக இருந்தது.

இருபத்து மூன்று நாள் கழித்து உன் விசாவை ரத்து செய்து, இனி இந்த நாட்டுக்குள் வரக் கூடாது என்று முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள். நீ வந்து ஏழு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அந்த மாதக் கடைசியில் என் படிவத்தில் கையெழுத்து கிடைத்தது.

ஜூனில் கப்பல் வந்தது. ஒன்றல்ல, நின்றுபோன இரண்டும் சேர்ந்து வந்தன. விலை இருபதுக்கு இறங்கியது. டிக்கியில் பதுக்கியவர்கள் விற்க ஆள் தேடினார்கள். ஆண்டுப் போட்டியின்போது கிளப் முதலாளி தாராளமாக, யாரும் எண்ண வேண்டாம், கேட்டவர்களுக்கு அள்ளிக் கொடுங்கள் என்றார். அன்றைக்கு அந்தப் பத்துப் பெட்டியையும் கொண்டுவந்து கலந்து கொடுத்தேன். சாயங்காலம் நான்கு மணியிலிருந்து ஐந்தரைக்குள் இருநூற்றைம்பதும் தீர்ந்துவிட்டன. பாதிக்கு மேல் தட்டில் படவேயில்லை.

எனக்கும் இங்கே முடிகிறது. போன வியாழக்கிழமை என் விசா ரத்தாகிவிட்டது. இருபத்தெட்டாம் தேதி டிக்கெட். மூன்று வருஷம் எழுதாதவன் இப்போது ஏன் எழுதுகிறான் என்று நீ கேட்க மாட்டாய். சதக்கத்துல்லா கேட்டான். நாகவள்ளியின் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று அவனிடம் சொன்னபோது, “இனிமே ஒங்கள ஒருத்தனும் ஒண்ணும் பண்ண முடியாதுன்னதும் பேனா எழுதுதாக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனான். அதன்பிறகு அவன் என்னோடு டீ குடிக்க வருவதில்லை.

ஐந்தாவதாக, நீங்கள் கேட்ட தாள். தட்டச்சு செய்துவிட்டேன். ‘கையிருப்பில் ஏற்பட்ட வித்தியாசம் எனது மறதியால் நேர்ந்தது. இதில் மாயாண்டி என்பவருக்கு எவ்விதத் தொடர்பும் இல்லை’ என்று நான்கு வரி. படிக்க நன்றாக இருந்தது. மடித்து உறையில் வைத்தேன். ஊர் போய்ச் சேர்ந்ததும் அங்கிருந்து தபாலில் போடலாம் என்பது திட்டம்.

உறையை ஒட்டுவதற்கு முன் பழக்கத்தால் ஒருமுறை சரிபார்த்தேன். மேலே மூன்றாவதாக எழுதியிருப்பது தவறு.

நான் மறக்கவில்லை. தணிக்கையின்போது அதிகாரி அலமாரியை எண்ணிக்கொண்டிருந்தார். நான் மனதுக்குள் நான்காவது அடுக்கை எண்ணிக்கொண்டிருந்தேன். கிடங்குக்குள் வந்தபோது அவர் களைத்துப்போய் அந்த அடுக்கின் மேலேயே கையை ஊன்றி நின்றார். ஒரு வார்த்தை போதும். எழுதாமல் நகர்த்திவிட்டேன், இதோ இருக்கிறது என்றால், என்னைத் திட்டியிருப்பார்கள், கையெழுத்து கிடைத்திருக்காது, நான் ஊருக்குப் போயிருப்பேன். அவ்வளவுதான் நடந்திருக்கும். பதினோரு நாள் என்பது நான் பின்னால் கட்டிய கதை. மூன்று வருஷமாக எனக்கே அப்படிச் சொல்லிச் சொல்லி, இன்று உனக்கும் எழுதிவிட்டேன்.

அந்த நான்கு வரித் தாளைக் கிழித்துவிட்டேன். அதற்குப் பதில் இந்தக் கடிதத்தையே ஸ்டேஷனில் காட்டு. ஒவ்வொரு பக்கத்தின் கீழும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நாளை ஊருக்குப் போகும் பன்னீர்செல்வத்திடம் இன்றே கொடுத்து அனுப்புகிறேன். நான் இங்கிருந்து கிளம்ப இன்னும் பதினான்கு நாள் இருக்கிறது. இதன் பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை கௌஸ் முகம்மதுவின் மேசையில் வைக்க எனக்குத் துணிவு வருமா என்று தெரியவில்லை. வைத்துவிட்டேன் என்று இன்றே எழுதி இன்னொரு பொய் சொல்ல விரும்பவில்லை.

இதை ஜோதிமணிதான் உங்களுக்குப் படித்துக் காட்டுவாள். நடுவில் அவள் நிறுத்தினால் நிறுத்த விடாதே, தம்பி. அவளுடைய அப்பா திருடவில்லை என்பதை அவள் வாயாலேயே ஒருமுறை உரக்கப் படிக்கட்டும். அவள் நன்றாகப் படித்து வர வேண்டும்; கேட்காததையும் சொல்லப் பழக வேண்டும். எனக்கு நீ ஒன்றும் எழுத வேண்டாம். ஏட்டய்யாவுக்குச் சந்தேகம் இருந்தால் கீழே உள்ள முகவரிக்கு ஆள் அனுப்பச் சொல். டிசம்பர் முதல் தேதியிலிருந்து அங்கேதான் இருப்பேன்.

இப்படிக்கு,
அ. சிதம்பரநாதன்
17, வடக்குத் தெரு,
பாளையங்கோட்டை