சுத்த காட்டன்

ஏரல்
4.1.2025

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

சுடலை எழுதுவது. நானும் விஜயராணியும் சுகம். மதினிக்கு முட்டுவலி தேவலையா? போனில் கேட்டால் நிட்டிங் மிஷின் சத்தத்தில் பாதி காதில் விழாமல் எல்லாவற்றுக்கும் "ஆமாங்க, ஆமாங்க" என்பீர்கள். அதனால்தான் இன்லேண்ட் லெட்டர் தேடி வாங்கினேன்.

படகு வந்து சேர்ந்தது. திருப்பூரிலிருந்து பனியன் ஏற்றித்தான் பழக்கம், படகு ஏற்றினேன் என்றால் வீட்டில் நம்ப மாட்டாள் என்று லாரி டிரைவர் ஒரே புலம்பல். மூன்று வருஷம் ஞாயிறுதோறும் உங்கள் ஷெட்டுக்குப் பின்னால், யூடியூப் பார்த்துப் பார்த்து நாம் அறுத்து இழைத்ததை இப்போது ஊரே வந்து தட்டிப் பார்க்கிறது. பனியன் கம்பெனியில் மிஷின் பிட்டராக இருந்தவனுக்கு ஏன் இந்தப் பைத்தியம் என்கிறார்கள்.

19ஆம் தேதி ஞாயிறு எங்கள் குளத்தில் இறக்குகிறோம். அவசியம் வாருங்கள். ஒரே ஒரு சந்தேகம். பலகை இடுக்குகளில் அடிக்கக் கொடுத்தீர்களே, அந்த நூல் சுத்த காட்டன்தானே? பஞ்சு நூல்தான் தண்ணீரில் உப்பி இடுக்கை அடைக்கும்.

அன்புத் தம்பி
சுடலை

*

மங்கலம்
10.1.2025

அன்புத் தம்பி சுடலைக்கு,

கடிதம் கண்டு சந்தோஷம். நீங்கள் ஊருக்குப் போனதிலிருந்து ஞாயிறு வந்தால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. மிச்சப் பலகையில் ஒரு துடுப்பு செதுக்கினேன். உங்கள் மதினி அதை வைத்துப் பூனையை விரட்டுகிறாள்.

பொங்கல் முடிந்ததும் பனியன் பார்ட்டிக்குத் துணி டெலிவரி இருக்கிறது. வர முடியாது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நூல் சுத்த காட்டனுங்க. முதலில் கொஞ்சம் கசியும், உப்பியதும் நின்றுவிடும். கண்ணை மூடிக்கொண்டு இறக்குங்கள். விஜயராணி அம்மணியை முதலில் ஏற்றுங்கள். மூன்று வருஷம் நமக்கு டீ போட்டுக் கொடுத்தவருக்கு அந்த மரியாதை வேண்டாமா?

அன்புடன்
ஆத்தப்பன்

*

ஏரல்
23.1.2025

அண்ணாச்சி,

ஆஸ்பத்திரி வராந்தாவில் மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்னபடி விஜயராணியைத்தான் முதலில் ஏற்றினேன். நடுக்குளம் போவதற்குள் கணுக்கால் அளவு தண்ணீர். "ஏங்க, தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு, திரும்பிருவோம்" என்றாள். "உப்புறதுக்கு நேரமாகும், அண்ணாச்சி எழுதியிருக்காங்கல்லா, பேசாம இரு" என்று அதட்டினேன். இரண்டாம் தடவை கேட்டபோதும் அதட்டினேன். மூன்றாம் தடவை அவள் கேட்கவில்லை, பயந்துபோய் எழுந்து நின்றுவிட்டாள். படகு கவிழ்ந்தது.

அவளுக்கு நீச்சல் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். தாமரைக் கொடிக்குள் துழாவித் துழாவி எடுத்தேன். மூச்சு இல்லை, அண்ணாச்சி. கரையில் யாரோ வாயோடு வாய் வைத்து ஊதித்தான் மூச்சு வந்தது. நேற்றுத்தான் ஐசியூவிலிருந்து வெளியே கொண்டுவந்தார்கள். பேசுகிறாள்.

படகைக் கரையில் இழுத்துப் போட்டிருக்கிறார்கள். இடுக்கிலிருந்து கொஞ்சம் நூலைப் பிய்த்து, காயவைத்து, தீக்குச்சி கிழித்தேன். பஞ்சு என்றால் காகிதம் எரிகிற வாசம் வந்து சாம்பலாகும். இது உருகிக் கறுப்பாக உருண்டு என் விரலைச் சுட்டது. பாலியஸ்டர்! இருபது வருஷத்தில் கம்பெனிக்கு வந்த எந்த நூல் லாட்டையும் கொளுத்திப் பார்க்காமல் நான் மிஷினில் ஏற்றியதில்லை. உங்கள் நூலை மட்டும் கொளுத்திப் பார்க்கத் தோன்றவில்லை.

எவனோ உங்களை நன்றாக ஏமாற்றியிருக்கிறான். அவன் யார், அண்ணாச்சி?

சுடலை

*

மங்கலம்
29.1.2025

தம்பி சுடலைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மிஷின்களை நிறுத்தச் சொன்னேன்.

யார் மேலாவது பழி போட்டு எழுதலாம் என்று இரண்டு தாள் கிழித்தேன். என்னை யாரும் ஏமாற்றவில்லை. அந்த லாட்டில் பாதி பாலியஸ்டர் என்று தெரிந்தே வாங்கினேன். கேட்கிற பார்ட்டிக்கெல்லாம் "சுத்த காட்டனுங்க" என்று சொல்லியே மிஷினில் துணி ஓட்டிக் கொடுத்தேன். பனியனாகப் போகிறது, போடுகிறவனுக்குக் கொஞ்சம் வேர்க்கும், அவ்வளவுதானே என்ற நினைப்பு. ஷெட்டில் நீங்கள் நூல் கேட்ட அன்றைக்கு அந்த லாட்டிலிருந்தே கைக்கு எட்டிய நூல் கோனை எடுத்துக் கொடுத்தேன். கடிதத்தில் கேட்டபோதும் பார்ட்டிக்குச் சொல்வதையே எழுதினேன். பொய் எழுதுகிறோம் என்றுகூட எனக்கு உறைக்கவில்லை. கேட்பது யார் என்று பார்க்காமலே வருகிற பேச்சாக அது ஆகிவிட்டது. அம்மணியை முதலில் ஏற்றச் சொன்னதும் நான்தானே!

பார்சலில் நான்கு கோன் அனுப்பியிருக்கிறேன். மில் வாசலில் நின்று நானே வாங்கிய பருத்தி நூல். வேண்டாமென்றால் குப்பையில் போடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அம்மணியைப் பார்க்கட்டுமா? ஒரு வரி எழுதுங்கள்.

ஆத்தப்பன்

*

ஏரல்
20.2.2025

ஆத்தப்பன் அவர்களுக்கு,

விஜயராணி வீட்டுக்கு வந்துவிட்டாள். இருமல் மட்டும் விடவில்லை. உங்கள் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். "உண்மைய எழுதிட்டாங்கல்லா, விடுங்க" என்றாள். அவளை அதட்டி உட்கார வைத்த என்னையும் அப்படித்தான் விட்டாள். அவளால் முடிகிறது.

பழைய நூலை எல்லாம் பிடுங்கிவிட்டு நீங்கள் அனுப்பியதை அடித்தேன். படகைக் கரையோரம் கட்டி இரண்டு நாள் ஊறப்போட்டேன். முதல் நாள் கசிந்தது. மறுநாள் உப்பி நின்றுவிட்டது, ஒரு சொட்டு இல்லை. இந்தத் தடவை சுத்த காட்டன்தான்.

நான்கு கோனையும் கொளுத்திப் பார்த்துவிட்டுத்தான் அடித்தேன்.

வரட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வாருங்கள் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் நீங்கள் வாசலில் நின்று "நல்லா இருக்கீங்களா அம்மணி" என்று கேட்டால், அதற்கும் எனக்குத் தீப்பெட்டியைத் தேடத் தோன்றும். வர வேண்டாம்.

சுடலை